பாமாயிலும் 300 சதவீதமும்

அன்புள்ள ஐயா,

சமையல் எண்ணெய் விலை பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். இறக்குமதி வரியைக் கூட்டினார்கள், குறைத்தார்கள் என்று சொன்னீர்கள். ஆனால் வேரைத் தொடவில்லை. 1995-இல் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்த அன்றே நம் விவசாயத்தை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். என் அப்பா காலத்தில் எங்கள் ஊர் மானாவாரி நிலம் முழுக்க மல்லாட்டைதான். ஐந்து செக்கு ஓடியது. இன்று ஒன்றுகூட இல்லை, ரேஷனில் பாமாயில் வாங்குகிறோம். அரசாங்கமே நினைத்தாலும் வரி போட முடியாது, கையைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள் என்கிறார்கள் எங்கள் சங்கத்தில். அந்த அமைப்பை விட்டு வெளியேற வேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போடப்போகிறோம். உங்கள் கருத்து என்ன?

கா.,
செஞ்சி பக்கம்

அன்புள்ள கா.,

மல்லாட்டை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லுக்காகவே கடிதத்தை இன்னொரு முறை படித்தேன். எங்கள் வீட்டிலும் அதுதான் பேச்சு. நிலக்கடலை என்றால் கடையில் விற்பது; கொல்லையில் விளைவது மல்லாட்டை. விதைப்புக்கு முன்னால் ஒரு வாரம் தெருவே திண்ணையில் உட்கார்ந்து விதைக்கொட்டை உரிக்கும். படிக் கணக்கில் கூலி. மிஷினில் உடைத்தால் பருப்பின் சிவப்புத் தோல் கிழிந்துவிடும், கிழிந்தது முளைக்காது என்பதால் விதைக்கு மட்டும் கையால்தான். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காய்த்துப்போய், சாயங்காலம் குழம்பில் கை வைத்தால் எரிகிறது என்று என் பெரியம்மா திட்டிக்கொண்டே சாப்பிடுவார். இதெல்லாம் போய்விட்டதே என்ற வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் யார் கொண்டுபோனார்கள் என்பதில்தான் உங்களோடு உடன்பட முடியவில்லை.

கை கட்டப்பட்ட கதையை முதலில் பார்ப்போம். உலக வர்த்தக அமைப்பில் ஒவ்வொரு நாடும் பொருள்வாரியாக ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறது. இந்தப் பொருளுக்கு இதற்குமேல் இறக்குமதி வரி போடமாட்டேன் என்ற வாக்கு அது. அந்த உச்சவரம்புக்குக் கீழே எதைப் போடுவது என்பது அந்தந்த அரசாங்கத்தின் இஷ்டம். பாமாயிலுக்கு இந்தியா எழுதிக்கொடுத்த உச்சவரம்பு எவ்வளவு தெரியுமா? 300 சதவீதம். 100 ரூபாய் சரக்குக்கு 300 ரூபாய் வரி போடலாம், அந்த அமைப்பின் தலைமையகம் இருக்கும் ஜெனீவாவில் யாரும் வாய் திறக்க முடியாது. கட்டுத்தறியில் கட்டியிருக்கிறார்கள் என்பது சரிதான். ஆனால் கொல்லை முழுக்க மேய்ந்து வரக்கூடிய நீளத்தில் கயிறு.

அந்தக் கயிற்றை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்தோம் என்பதுதான் கதை.

1986 மே மாதம் எண்ணெய் வித்துக்களுக்காக மத்திய அரசு ஒரு தொழில்நுட்ப இயக்கம் தொடங்கியது. 1985-86-இல் 108 லட்சம் டன்னாக இருந்த எண்ணெய் வித்து உற்பத்தி 1998-99-இல் 247 லட்சம் டன் ஆனது. மஞ்சள் புரட்சி என்று பெயர் வைத்தார்கள். 90-களின் தொடக்கத்தில் நாட்டின் தேவையில் கிட்டத்தட்ட முழுவதும் இங்கேயே கிடைத்தது. வெளியிலிருந்து வந்தது ஊறுகாய் அளவு. அப்புறம் 1994 ஏப்ரலில் பாமாயிலை யார் வேண்டுமானாலும் 65 சதவீத வரி கட்டி இறக்குமதி செய்யலாம் என்று திறந்துவிட்டார்கள். உலக வர்த்தக அமைப்பை உருவாக்கிய ஒப்பந்தம் மொராக்கோ நாட்டின் மராகேஷில் கையெழுத்தானதும் அதே மாதம்தான். அதனால் இரண்டையும் சேர்த்து முடிச்சுப்போடுவது எளிது, பலரும் போடுகிறார்கள். ஆனால் ஒப்பந்தம் நமக்குக் கொடுத்தது 300. அடுத்த ஆண்டே பெரும்பாலான எண்ணெய்களுக்கு 30 சதவீதம் ஆக்கியது டெல்லி. பிறகு 20. 1998 ஜூலையில் 15. யாரும் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. எண்ணெய் விலை ஏறினால் வீட்டுக்கு வீடு முணுமுணுப்பு கேட்கும், மல்லாட்டை விலை இறங்கினால் கமிட்டியில் (ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில்) மட்டும்தான் கேட்கும். எந்தச் சத்தத்துக்கு அரசாங்கம் பயப்படும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

அது ஏதோ ஒருமுறை நடந்த தவறும் இல்லை. 2001-இல் கச்சா பாமாயிலுக்கு 75 சதவீதம் வரை ஏற்றினார்கள். 2008-இல் விலைவாசி ஏறியதும் பூஜ்யம். 2018 மார்ச்சில் 44. 2021-இல் மறுபடி அடிப்படை வரி பூஜ்யம். 2024 செப்டம்பரில் 20. அப்போது மகாராஷ்டிரத்தில் சோயா விலை ஆதரவு விலைக்குக் கீழே கிடந்தது, சட்டமன்றத் தேர்தலுக்கு இரண்டு மாதம் இருந்தது. 2025 மே மாதம் 10. இதில் எந்தப் படியும் ஜெனீவாவைக் கேட்டு ஏறியதோ இறங்கியதோ இல்லை. 2020 ஜனவரியில் இன்னொன்று நடந்தது. மலேசியப் பிரதமர் மகாதீர் காஷ்மீரைப் பற்றிப் பேசியதில் டெல்லிக்குக் கோபம் இருந்த நேரம். சுத்திகரித்த பாமாயிலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்து ஒரே அறிவிப்பில் இறக்குமதியை முடக்கினார்கள். காஷ்மீருக்காக முடிந்தது மல்லாட்டைக்காக முடியாது என்றால் நான் நம்பத் தயாரில்லை.

ஒரு விவசாயி இதை எப்படித் தாங்குவான் என்று யோசியுங்கள். ஆடியில் விதைக்கும்போது ஒரு வரி, அறுத்துக் காயவைத்து மூட்டை பிடிக்கும்போது வேறொரு வரி. 80 கிலோ மூட்டையைக் கமிட்டியில் இறக்கிவிட்டு நிற்பவனுக்கு அன்றைய விலைச்சீட்டு மட்டும்தான் தெரியும். அதற்குப் பின்னால் இருக்கும் அரசாணை தெரியாது. இந்த ஆட்டத்தில் அடுத்த வருஷம் சவுக்கு வைத்துவிட்டுப் போய்விடலாம் என்று ஒருவர் முடிவு செய்தால் அவரைக் குறை சொல்ல முடியுமா? (மல்லாட்டை குறைந்ததற்கு பாமாயில் மட்டும் காரணம் என்று நான் சொல்லவில்லை. களை எடுக்கவும் பிடுங்கவும் ஆள் கிடைக்காதது ஒன்று. கிணற்றில் தண்ணீர் இருந்தவர்கள் கரும்புக்கும் நெல்லுக்கும் மாறியது ஒன்று. காட்டுப்பன்றி வேறு.)

சரி, விதிகளே நம்மைக் கட்டவில்லையா என்றால், சில இடங்களில் கட்டியிருக்கின்றன. உங்கள் சங்கம் பேசவேண்டியது அங்கேதான்.

சோயா எண்ணெய்க்கு நாம் எழுதிக்கொடுத்த உச்சவரம்பு 45 சதவீதம்தான். 2001-இல் பாமாயிலுக்கு 75 போட்டபோது சோயாவுக்கு அதைத் தாண்ட முடியவில்லை. வியாபாரி சும்மா இருப்பானா? அர்ஜென்டினாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் சோயா வந்து இறங்கியது. ஒரு வாசலை அடைத்தால் பக்கத்து வாசல் திறந்திருக்கிறது.

அடுத்தது, ஜெனீவாவில் இல்லாத கட்டு. தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானோடு செய்து 2010-இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தில், கச்சா பாமாயில் வரியைப் படிப்படியாக 37.5 சதவீதத்துக்கும் சுத்திகரித்ததை 45-க்கும் 2019 முடிவதற்குள் கொண்டுவருவதாக இந்தியா ஒப்புக்கொண்டது. 300 எங்கே, 37.5 எங்கே! உலகத்துக்கே பெரிய அமைப்பில் வாங்கிவந்த இடத்தை அக்கம்பக்கத்து நாடுகளோடு செய்த ஒப்பந்தத்தில் கொடுத்துவிட்டு வந்தோம். இதைப் பற்றி ஊரில் ஒரு சுவரொட்டிகூட நான் பார்த்ததில்லை. தெற்காசிய ஒப்பந்தத்தின் கதை இன்னும் வேடிக்கை. நேபாளத்தில் எண்ணெய்ப் பனை பெயருக்குக்கூடக் கிடையாது, ஆனால் சில ஆண்டுகள் அந்த நாடு இந்தியாவுக்கு விற்ற சரக்குகளில் முதல் வரிசையில் இருந்தது பாமாயில். மலேசிய, இந்தோனேசிய எண்ணெய் அங்கே போய், சுத்திகரிக்கப்பட்டு, வரியில்லாமல் எல்லை தாண்டி வந்தது. அதற்கு முன்பே 2000-களின் முதல் பாதியில் இலங்கை ஒப்பந்தத்தை வைத்து வனஸ்பதியில் இதே வித்தை நடந்தது. அங்கே ஆலை போட்டவர்களில் நம்மவர்களும் உண்டு.

மூன்றாவது நெல் சம்பந்தப்பட்டது. இதில் ஜெனீவா விதி உண்மையிலேயே அநியாயம், உங்கள் பக்கம் நிற்கிறேன். அரசாங்கம் ஆதரவு விலை கொடுத்துக் கொள்முதல் செய்தால், அதில் எவ்வளவு மானியம் என்று கணக்குப் போடுகிறார்கள். வளரும் நாடு என்றால் அந்தப் பயிரின் மொத்த உற்பத்தி மதிப்பில் 10 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் இன்றைய ஆதரவு விலையை எதோடு ஒப்பிடுகிறார்கள்? இன்றைய சந்தை விலையோடு அல்ல. 1986-88-இன் சராசரி உலக விலையோடு. நாற்பது வருஷத்துக்கு முந்தைய விலை! அன்று டீ என்ன விலைக்கு விற்றது என்று உங்கள் ஊர் டீக்கடையில் கேட்டுப் பாருங்கள். 2018-19-இல் அரிசியில் இந்தியா அந்த 10-ஐத் தாண்டியது. 2013-இல் பாலித் தீவில் நடந்த உலக வர்த்தக அமைப்பின் மாநாட்டில் போராடி வாங்கிய தற்காலிகப் பாதுகாப்பு இருந்ததால் வழக்கு வரவில்லை. நிரந்தரத் தீர்வு இன்றுவரை கிடைக்கவில்லை. அதே நேரத்தில், உற்பத்தியைப் பாதிக்காத மானியம் என்று பெயர் சூட்டிப் பணக்கார நாடுகள் கொடுப்பதற்கு வரம்பே கிடையாது. மானியங்களை வரம்புள்ளது, வரம்பில்லாதது என்று பெட்டி பெட்டியாகப் பிரித்து, எந்தப் பெட்டியில் எதைப் போடுவது என்று விதி எழுதும் மேசையில் அவர்கள்தான் முதலில் உட்கார்ந்தார்கள்.

ஆனால் இந்தச் சண்டையிலும் ஒன்றைக் கவனியுங்கள். உலக அரிசி வியாபாரத்தில் 40 சதவீதம் வரைக்கும் நம் கையில். 2024-இல் அபுதாபி மாநாட்டில் தாய்லாந்துத் தூதர், இந்தியா ஏழைகளுக்கென்று கொள்முதல் செய்துவிட்டு ஏற்றுமதிச் சந்தையைப் பிடிக்கிறது என்று குற்றம் சாட்டினார். நம் அரசு கோபித்துக்கொண்டது. தாய்லாந்து விவசாயியின் இடத்திலிருந்து பார்த்தால், நம் அரிசி அவனுக்கு பாமாயில் மாதிரி.

வெளியேறலாமா என்று கேட்டீர்கள். வெளியேறினால் பாமாயில் வரி என்ன ஆகும்? டெல்லி நினைப்பதுதான் ஆகும், இப்போதும் அதேதான். உள்ளே இருந்தே மாற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது, செய்தும் இருக்கிறோம். உலக வர்த்தக அமைப்புக்கு முன்னோடியான காட் ஒப்பந்தத்தின் 1947 பேச்சில் அரிசிக்கு நாம் கொடுத்த உச்சவரம்பு பூஜ்யம். பால் பவுடருக்கும் அப்படித்தான். அரைநூற்றாண்டு யாரும் கண்டுகொள்ளவில்லை, ஏனென்றால் இறக்குமதி லைசென்ஸ் இல்லாமல் எதுவும் உள்ளே வர முடியாது. அந்த லைசென்ஸ் கட்டுப்பாடு வழக்கில் அமெரிக்காவிடம் தோற்று, 2001 ஏப்ரலுக்குள் எல்லாவற்றையும் எடுக்கவேண்டி வந்தது. அப்போதுதான் தூக்கிவாரிப் போட்டது. கதவில்லாத வீட்டுக்கு இத்தனை நாள் வேலி மட்டும்தான் இருந்திருக்கிறது! அவசரமாகப் பேசி, வேறு சில பொருட்களில் விட்டுக்கொடுத்து, அரிசிக்கு வகையைப் பொறுத்து 70, 80 சதவீதம் என்று திருத்தி வாங்கினார்கள். பால் பவுடருக்கு ஆண்டுக்கு 10,000 டன்னுக்கு மேல் வந்தால் 60 சதவீதம். சத்தமில்லாமல் நடந்த நல்ல காரியம். செய்த அதிகாரிகளின் பெயர்கூட நமக்குத் தெரியாது.

ஆகவே தீர்மானம் போடுங்கள், விலாசத்தை மட்டும் மாற்றுங்கள். வரியை அறுவடைக்கு முன் குறைக்காதே என்பது டெல்லி நிதி அமைச்சகத்துக்கு. அடுத்த ஒப்பந்தத்தில் எண்ணெயைக் கொண்டுபோய் வைக்காதே என்பது வணிக அமைச்சகத்துக்கு. மல்லாட்டைக்கு 2025-26-இல் குவிண்டாலுக்கு 7,263 ரூபாய் என்று ஆதரவு விலை அறிவித்தார்களே, நெல்லுக்கு இருப்பதுபோல் அதை வாங்க எங்கள் பக்கம் நிலையம் எங்கே என்பது இரண்டு அரசுகளுக்கும்.

சென்னைக்கும் ஒன்று இருக்கிறது. 2007 முதல் ரேஷனில் பாமாயில் கொடுக்கிறார்கள், லிட்டர் 25 ரூபாய். அதற்குப் பதில் தேங்காய் எண்ணெய் கொடு என்று தென்னை விவசாயிகள் கேட்கிறார்கள், நீங்கள் மல்லாட்டை எண்ணெய் கேட்கலாம். தப்பே இல்லை. ஆனால் விலை வித்தியாசம் லிட்டருக்குப் பல மடங்கு. அதை அரசாங்கம் தாங்குமா, கார்டுதாரர் தாங்குவாரா என்று கூட்டத்தில் பேசிவிட்டுக் கேளுங்கள். அதற்கும் முன்னால், உங்கள் வீட்டில் மாதா மாதம் வரிசையில் நின்று அந்தப் பாக்கெட்டை வாங்கி வருபவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நான் என் வீட்டில் கேட்டேன். பலகாரம் சுட பாமாயில், தாளிக்க மட்டும் செக்கு எண்ணெய், அதுவும் கால் லிட்டர் வாங்கினால் ஒரு மாதம் வரும் என்றார்கள்.