ஈயத்துக்கு +2 ஆக்சிடேஷன் ஸ்டேட்தான் ஸ்டேபிள்னா டெட்ராஎத்தில் லெட் மட்டும் எப்படி +4ல இருக்கு?

கேட்டவர் அனேகமா நெட்டுக்கோ டிஆர்பிக்கோ (வாத்தியார் வேலைக்கான எக்ஸாம்தான்) படிக்கிறீங்க. கைடுல "இனெர்ட் பேர் எஃபெக்ட், அதனால ஈயம் +2"ன்னு ஒரு வரி இருக்கும் (வெளி எஸ் ஜோடி எலக்ட்ரான் பாண்டுல சேராம ஒதுங்கிக்கும்னு அர்த்தம்), நாலு பக்கம் தள்ளி பெட்ரோல்ல கலந்த டெட்ராஎத்தில் லெட் வரும், அதுல ஈயம் +4, மண்டை காயும். இதே கேள்வியால ஒரு இன்டர்வியூவுல எனக்கு வயித்தெரிச்சல் ஆச்சு, அதான் திருத்த வேண்டிய பேப்பர் கட்டை ஓரமா வெச்சிட்டு டைப் பண்றேன்.

முதல்ல பதில். ஈயத்தோட வெளி ஷெல்ல 6எஸ் ஆர்பிட்டல்ல ரெண்டு எலக்ட்ரான், 6பி ஆர்பிட்டல்ல ரெண்டு. 82 புரோட்டான் இழுக்கற இழுப்புல ரெலெடிவிட்டி விளைவு வந்து 6எஸ் நல்லா சுருங்கிடும், 6பி அந்த அளவுக்கு சுருங்காது. நாலு பாண்ட் போடணும்னா ரெண்டும் கலக்கணும், சைஸ் ஒத்துப்போகலன்னா கலப்பு சரியா வராது. கைடு இதோட நிறுத்திடும். யாரோட பாண்டுங்கறதுதான் மீதிக் கதை. குளோரின், ஃப்ளூரின் மாதிரி எலக்ட்ரானை இழுக்கறது வந்து சேர்ந்தா ஈயத்து மேல பாசிட்டிவ் சார்ஜ் ஏறும், ஏற ஏற 6எஸ் இன்னும் சுருங்கும், 6பிக்கும் அதுக்கும் வித்தியாசம் இன்னும் கூடும், பாண்ட் வீக் ஆகும். லெட் டெட்ராகுளோரைடு 50 டிகிரிகிட்ட போனாலே குளோரினை விட்டுட்டு டைகுளோரைடு ஆயிடறது இதனாலதான். மெத்திலும் எத்திலும் அப்படி இழுக்காது, அதனால கலப்பு ஓரளவு நல்லாவே நடந்து நாலு கார்பனோட டெட்ராஹெட்ரலா உக்காந்துக்கும். அங்க +2தான் நிக்காது, சாதாரண டைஎத்தில் லெட்டை செய்யப் போனா அது டெட்ராஎத்திலாவும் ஈயமாவும் பிரிஞ்சுடும். 1993ல காப்ப், ஷ்லையர்னு ரெண்டு பேர் இதைக் கணக்கு போட்டே காட்டினாங்க, அவங்க பேப்பரோட தலைப்பே கிட்டத்தட்ட உங்க கேள்விதான்.

(இந்தக் கலப்பு, அதாவது ஹைப்ரிடைசேஷன்லாம் வெறும் மாடல்னு கமெண்ட்ல சண்டைக்கு வராதீங்க, தெரியும், ஆனா எதையாவது வெச்சு சொல்லித்தானே ஆகணும்?)

இப்ப இன்டர்வியூ. குரூப் 14ல, அதாவது கார்பன்ல இருந்து ஈயம் வரைக்கும் வர்ற குடும்பத்துல, கீழ போகப்போக எந்த ஆக்சிடேஷன் ஸ்டேட் ஸ்டேபிள் ஆகும்னு கேட்டாங்க, +2ன்னு சொன்னேன், தலையாட்டினாங்க. அங்கயே வாயை மூடியிருக்கலாம். "ஆனா சார், ஆர்கனோலெட்ல +4தான் ஸ்டேபிள்"னு ஆரம்பிச்சேன் (ஈயம் கார்பனோட நேரா பாண்ட் போட்ட சேர்மம்தான் ஆர்கனோலெட்). நடுவுல உக்காந்திருந்தவர், "ஏம்மா, இப்பதானே +2ன்னு சொன்ன, அதெல்லாம் எக்செப்ஷன்மா"ன்னு முடிச்சிட்டார். ஒரு தனிமத்தோட முக்கால்வாசி ஆர்கனோமெட்டாலிக் கெமிஸ்ட்ரியும் எக்செப்ஷனா? போர்டுல வரையட்டுமான்னு கேட்டேன், டைம் இல்லைன்னுட்டாங்க. எனக்கு முன்னாடி போனவரை அரை மணி நேரம் உள்ள வெச்சிருந்தாங்க, அது வேற.

அவர் இன்னொன்னும் கேட்டார், ஸ்டேபிள்னா பாண்ட் ஸ்ட்ராங்தானேன்னு. இல்லவே இல்ல. சிலிக்கான்ல இருந்து இறங்கி வந்தா கார்பனோட போடற பாண்ட் ஒவ்வொரு படிக்கும் நீளும், வீக் ஆகும், ஈயத்துல 2.2 ஆங்ஸ்ட்ராமைத் தாண்டிடும். 1929ல பேனத்தும் ஹோஃபெடிட்ஸும் பண்ண சோதனை எனக்கு ரொம்பப் பிடிச்சது. டெட்ராமெத்தில் லெட் ஆவியை ஒரு கேஸோட கண்ணாடிக் குழாய்ல ஓட விட்டு ஒரு இடத்துல சூடு காட்டினா, உள்பக்கம் ஈயம் கண்ணாடி மாதிரி பளபளன்னு படியும். அப்புறம் கேஸ் வர்ற பக்கம் கொஞ்சம் முன்னாடி தள்ளி சூடு காட்டினா அங்க புதுசா ஒரு படிவு வரும், பழைய படிவு கண் முன்னாடியே கரைஞ்சு காணாம போகும். உடைஞ்சு வந்த மெத்தில் ராடிக்கல் (ஜோடி சேராத எலக்ட்ரானோட திரியற துண்டு) போய் அந்த ஈயத்தைத் திரும்பப் பிடிச்சுக்குது. மிட்ஜ்லி 1921ல கண்டுபிடிச்ச ஆன்டிநாக் வேலையும் (எஞ்சின்ல பெட்ரோல் தப்பான நேரத்துல வெடிச்சுத் தட்டற நாக்கிங்கை டெட்ராஎத்தில் லெட் தடுக்கறது) இந்த வீக் பாண்டை நம்பித்தான், எஞ்சின் சூட்டுல உடையணும், உடைஞ்சு வர்ற ஈய ஆக்சைடு துகள்தான் நாக்கிங்கை அடக்கும். அந்த ஈயம் புகையில வந்து குழந்தைங்க மூளையைக் கெடுத்ததும், இந்தியாவுல 2000ல அதை நிறுத்தினதும் உங்களுக்கே தெரியும்.

இன்னும் விசித்திரம் வேணும்னா, 2000ல பவர்ங்கற கெமிஸ்டோட குரூப் செஞ்ச டைபிளம்பைன், ரெண்டு ஈயம் ஒட்டி நிக்கற சேர்மம். கார்பன்-கார்பன் ட்ரிப்பிள் பாண்ட் இருக்கற அல்கைன் மாதிரி ஃபார்முலா, அதனால இதுலயும் ட்ரிப்பிள் பாண்ட் இருக்கும்னு தோணும். அளந்தா ஈயம்-ஈயம் தூரம் 3.19 ஆங்ஸ்ட்ராம், சிங்கிள் பாண்ட் இருக்கற ஹெக்ஸாஃபீனைல் டைலெட்ல 2.84தான்! கோணம் 180 இல்ல, 94. 6எஸ் ஜோடி பாண்டுல சேராம லோன் பேரா ஒதுங்கிக்குது, பி ஆர்பிட்டல் மட்டும் வெச்சு ஒரே ஒரு பாண்ட். இங்க +2 குணம் மறுபடி வந்துடுது பாருங்க.

அந்த வேலை கிடைக்கல. இன்னும் கெஸ்ட் லெக்சரர்தான், மே மாசம் சம்பளம் கிடையாது, ஆனா அட்மிஷன் டெஸ்க்ல உக்கார மட்டும் கூப்பிடுவாங்க, கேட்டா "அடுத்த வருஷம் ரினியூவல் இருக்குல்லம்மா"ன்னு ஒரு சிரிப்பு. இதை எங்க போய் கேக்கறது.

எக்ஸாம்ல சும்மா "ஈயத்தோட ஸ்டேபிள் ஆக்சிடேஷன் ஸ்டேட்"னு வந்தா +2ன்னே டிக் பண்ணுங்க, கீ அப்படித்தான் இருக்கும். ஆல்கைல் (எத்தில் மாதிரி), அரைல் (ஃபீனைல் மாதிரி)னு ஏதாவது ஒட்டியிருந்தா மட்டும் நின்னு பாருங்க.