கம்போவுக்கு இந்த விலையா?

கேள்வி: ஹூஸ்டன்ல ஒரு பெரிய லூசியானா ரெஸ்டாரன்ட்டுக்குப் போனோம் சார். வெள்ளை டேபிள் கிளாத், ஷார்ட்ஸ் போட்டா உள்ளயே விட மாட்டாங்க. கம்போன்னு ஒரு கிண்ணம் வெண்டைக்காய் சூப் குடுத்துட்டு பில்லைத் தீட்டிட்டாங்க. ஏழைங்க வீட்டுச் சாப்பாட்டுக்கு இந்த விலையா? - வாசகர், டெக்சாஸ்

பதில்: பில்லைப் பார்த்து வயிறு எரியறது புரியுது. ஆனா ஏழைங்க சாப்பாடுன்னா சல்லிசாதான் இருக்கணும்னு சொல்றீங்க பாருங்க, அதை ஒத்துக்கவே முடியாது. பிரெஞ்சு ஹோட்டல் வெங்காய சூப்பும் ஏழைங்க அடுப்புலதான் கொதிச்சுது, அதுக்கு மட்டும் பேசாம காசு வெச்சுட்டு வர்றோமே, ஏன்?

கம்போங்கறது லூசியானாக்காரங்களோட கெட்டிக் குழம்பு. அதுல முதல் வேலை, 'ரூ'ங்கற வறுத்த மாவுக் கலவை. எண்ணெயில மைதாவைப் போட்டு, அடுப்பை விட்டு நகராம முக்கால் மணி நேரம்கூட கிளறணும், மாவு வேர்க்கடலை நிறமாகி அப்புறம் காபி டிகாக்ஷன் கணக்கா கறுக்கணும், நடுவுல ஃபோனைப் பார்த்தா கரும்புள்ளி விழுந்துரும், விழுந்தா மொத்தத்தையும் கொட்டிட்டு மறுபடி முதல்லேர்ந்துதான். நிறம் வந்த உடனே வெங்காயம், செலரி, குடைமிளகாய் மூணையும் போட்டு சூட்டை அடக்கணும். அப்புறம்தான் இறால் தலை, ஓடெல்லாம் போட்டுக் காய்ச்சின ஸ்டாக். இத்தனையும் ஒருத்தரோட கை உழைப்பு சார்.

அந்த டேபிள் கிளாத்துக்கும் ஒரு கதை இருக்கு. லூசியானாவுல இருக்கற நியூ ஆர்லியன்ஸ் ஊர்ல டூக்கி சேஸ்னு ஒரு ரெஸ்டாரன்ட், 1941ல சாண்ட்விச்சும் லாட்டரி டிக்கெட்டும் வித்த சின்னக் கடை. அந்த வீட்டுக்கு மருமகளா வந்த கறுப்பினப் பெண் லியா சேஸ், அந்த ஊரோட பிரெஞ்சு குவார்ட்டர் பகுதியில சர்வரா இருந்தப்ப வெள்ளைக்காரங்களுக்கு நடந்த உபசாரத்தைக் கண்ணால பார்த்தவங்க, அதே உபசாரம் எங்க ஜனத்துக்கும் வேணும்னு கடையையே மாத்தினாங்க. கறுப்பரும் வெள்ளையரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடறதே சட்டப்படி குத்தமா இருந்த காலத்துல, அவங்க மாடியில ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்து கம்போ சாப்பிட்டுக்கிட்டே உரிமைப் போராட்டத்துக்குத் திட்டம் போட்டாங்க. பின்னாடி ஒபாமா வந்து கம்போவுல ஹாட் சாஸ் ஊத்தினப்ப, அவரையே கண்டிச்ச அம்மா அவங்க. இப்படிப்பட்ட சமையலை வெண்டைக்காய் சூப்னு ஒதுக்கறது எனக்கு வலிக்குது. சில கம்போவுல வெண்டைக்காயே கிடையாது, அதுக்குப் பதிலா சாசஃப்ராஸ்ங்கற மரத்தோட இலைப் பொடிதான்.

ஆனா அன்னிக்கு உங்க கிண்ணத்துல பச்சை மாவு வாசம் அடிச்சிருந்தா, ரூவை அவசரமா இறக்கிட்டாங்கன்னு அர்த்தம். அந்த விலைக்கு அது அநியாயம், அப்பவே கூப்பிட்டுத் திருப்பி அனுப்பியிருக்கணும்.