அந்தச் சிரிப்பைத் திட்டாதீர்கள்

கேள்வி: யாராவது குரலை உயர்த்தினால் எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. கணவர் நொந்துபோய்ப் பேசும்போதும் அப்படித்தான். கேலி செய்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார். சின்ன வயதில் அப்பா அம்மா சண்டையை ஏதாவது கோமாளித்தனம் செய்து நிறுத்துவது என் வேலை. ‘உள்ளே இருக்கும் குழந்தையிடம் பேசிப் பார்’ என்றாள் தோழி. சிறுவயதுப் படத்தை எதிரில் வைத்து உட்கார்ந்தேன். கூச்சம்தான் வந்தது. எனக்கு இதெல்லாம் சரிப்படாதோ?
– ஒரு வாசகி, வயது 34

பதில்: கூச்சம் வந்ததா? அது அந்தச் சிரிப்பின் தங்கைதான். மனசு கனக்கும் இடத்துக்குப் பக்கத்தில் போனதும் இரண்டில் ஒன்று ஓடிவந்து மறிக்கிறது.

ஏழெட்டு வயதுப் பிள்ளையால் வீட்டைவிட்டுப் போகவும் முடியாது, பெரியவர்களை அதட்டவும் முடியாது. உங்களுக்குத் தெரிந்த ஒரே வித்தை சிரிக்க வைப்பது. அது பலித்தது. பலித்ததால் உடம்பு அதைப் பிடித்துக்கொண்டது. இன்று நீங்கள் யோசிப்பதற்கு முன்பே அது முந்திக்கொள்கிறது. மனம் இப்படித் தன்னைக் காத்துக்கொள்ளும் வழிகளை 1936-லேயே தொகுத்து எழுதினார் அன்னா ஃபிராய்டு. குழந்தைகளோடு வேலை செய்த உளப்பகுப்பாய்வாளர் அவர். தாங்க முடியாத பதற்றத்துக்கு மனம் போடும் தடுப்பு இது. குணக்கேடு இல்லை.

‘உள்ளே இருக்கும் குழந்தை’ என்பது, சின்ன வயதில் பட்டதை இன்னும் சுமக்கும் மனசைப் பற்றிப் பேச வசதியான ஓர் உருவகம், அவ்வளவுதான். அது ஒட்டவில்லையென்றால் விட்டுவிடுங்கள்.

சிரித்து முடித்த பிறகு, தனியாக இருக்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சிரிப்புக்கு முந்தைய நொடியில் எங்கே இறுகியது? தொண்டையா, வயிறா? அங்கே கையை வைத்து, ‘நீ யாரையும் சிரிக்க வைக்க வேண்டாம். இந்தச் சண்டையை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொல்லுங்கள். சொன்னால் போதாது, பார்த்துக்கொள்ளவும் வேண்டும். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். கண்ணை மூடி ஆறுதல் சொல்லிவிட்டு, அடுத்த சண்டையில் பழையபடி அந்தச் சிறுமியையே முன்னால் தள்ளிவிடுகிறோம்.

அதனால், சண்டை இல்லாத ஒரு நாளில் கணவரிடம் சொல்லிவையுங்கள்: ‘நான் சிரித்தால் கேலி இல்லை, பயம். பத்து நிமிஷம் கொடுங்க, திரும்பி வந்து பேசறேன்.’ சொன்னபடி திரும்பி வாருங்கள். வராவிட்டால் அந்தப் பத்து நிமிஷமும் இன்னொரு ஒளிவிடம் ஆகிவிடும்.

மறந்துபோன நினைவுகளைத் தோண்டி எடுக்க மட்டும் முயல வேண்டாம். கற்பனையில் வரும் காட்சி நடந்ததைப் போலவே தோன்றக்கூடும். அடி உதையோ பாலியல் துன்பமோ இருந்திருந்தால், அல்லது இதைச் செய்யும்போது உடம்பு மரத்துப்போய் எங்கோ மிதப்பதுபோல் இருந்தால், நிறுத்திவிட்டு ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்கள். தனியாகச் செய்கிற வேலையில்லை அது.

அந்தப் படத்தை இப்போதைக்கு எடுத்து உள்ளே வையுங்கள். அப்புறம் பார்க்கத் தோன்றினால் பார்க்கலாம்.