பிஞ்சுக் கண்ணில் புரை: பரம்பரை இல்லையென்றால் வேறென்ன?

கேள்வி: மகளுக்கு 40 நாள். இரண்டு கருமணியிலும் நடுவில் வெள்ளை தெரிகிறது. எங்கள் இரு வீட்டிலும் யாருக்கும் இப்படி இல்லை. மூன்றாம் மாதத்தில் எனக்கு இரண்டு நாள் காய்ச்சலும் உடம்பெல்லாம் தடிப்பும் வந்தது. அதனாலா?

பதில்: இருக்கலாம். அது ரூபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) என்ற வைரஸ் காய்ச்சலாக இருந்திருக்கலாம். ரூபெல்லா பெரியவர்களை லேசாகத் தொட்டுவிட்டுப் போய்விடும். பலருக்கு வந்ததே தெரியாது. ஆனால் கர்ப்பத்தின் முதல் 12 வாரங்களில் வந்தால் கதையே வேறு. கருவின் கண்ணில் லென்ஸ் உருவாகும் நேரம் அது. வைரஸ் நஞ்சுக்கொடியைத் தாண்டி அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். இதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னவர் சிட்னியின் கண் மருத்துவர் நார்மன் கிரெக், 1941-ல். அவரும் சக மருத்துவர்களும் பார்த்த, புரையோடு பிறந்த 78 குழந்தைகளில் 68 பேரின் அம்மாக்களுக்குக் கர்ப்பத்தில் ரூபெல்லா வந்திருந்தது.

ரூபெல்லா கண்ணோடு நிற்காது. ரத்தப் பரிசோதனையோடு இதயத்துக்கு எக்கோ, காது கேட்கிறதா என்ற சோதனை மூன்றும் செய்யுங்கள். இத்தகைய குழந்தையின் எச்சில், சிறுநீரில் ஒரு வருடம் வரைகூட வைரஸ் வெளியேறலாம். முடிவு தெரியும்வரை வீட்டுக்கு வரும் கர்ப்பிணிகள் தூக்கிக் கொஞ்ச வேண்டாம்.

டாக்சோபிளாஸ்மா, சைட்டோமெகலோ வைரஸ், சிபிலிஸ் போன்ற தொற்றுகளும் காரணமாகலாம். எவ்வளவு தேடியும் காரணம் அகப்படாத குழந்தைகளும் நிறைய. அதனால் உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

‘ஒரு வயசு ஆகட்டும்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இரு கண்ணிலும் அடர்த்தியான புரை என்றால் எட்டு வாரத்துக்குள் அறுவை சிகிச்சை முடிவது நல்லது. தாமதித்தால் மூளை பார்க்கக் கற்றுக்கொள்ளாமலே போய்விடும். பிறகு புரையை எடுத்தும் முழுப் பார்வை கிடைக்காது. தவிர, வெள்ளையாகத் தெரிவதெல்லாம் புரையல்ல, விழித்திரைக் கட்டியும் இப்படித் தெரியும். இந்த வாரமே காட்டிவிடுங்கள்.

கேள்வி: அடுத்த குழந்தைக்கு முன்னால் ரூபெல்லா தடுப்பூசி போடலாமா?

பதில்: தாராளமாக. போட்ட பிறகு ஒரு மாதம் கருத்தரிக்காமல் இருங்கள். கர்ப்பத்தில் மட்டும் போடக் கூடாது. தாய்ப்பால் கொடுக்கும்போது போடலாம்.

கேள்வி: எட்டு மாதத்தில் பிறந்த பையன். இன்குபேட்டர் வெளிச்சத்தால் புரை வருமா?

பதில்: வராது. குறைமாதக் குழந்தைகளின் லென்ஸில் சில சமயம் சின்னக் குமிழ்கள் தெரியும், பெரும்பாலும் தானே மறைந்துவிடும். நீங்கள் கவலைப்பட வேண்டியது விழித்திரையைப் பற்றி. பிறந்து 30 நாளுக்குள் அதைச் சோதித்துவிட வேண்டும்.

கேள்வி: கிரகணத்தன்று வெளியே போனேன்...

பதில்: போனால் போகட்டும். சம்பந்தமே இல்லை.

கேள்வி: ஒரு வயதுப் பேத்திக்குக் கண் அரிப்பு. டாக்டர் தந்த சொட்டு மருந்து நன்றாகக் கேட்டது. அரிக்கும்போதெல்லாம் அதையே வாங்கி விடுகிறோம், நாலு மாதமாக. பரவாயில்லையா?

பதில்: பாட்டில் லேபிளைப் பாருங்கள். டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரட்னிசோலோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. டாக்டர் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்துக்குத்தான் எழுதியிருப்பார். பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் மாதக்கணக்கில் வாங்கி விட்டால் லென்ஸின் பின்பக்கம் புரை படியலாம், கண் அழுத்தமும் ஏறலாம். அரிப்பு உடனே அடங்குவதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. அடுத்த பாட்டில் வாங்காதீர்கள். இருக்கிற பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு கண் டாக்டரிடம் போங்கள். அழுத்தத்தையும் லென்ஸையும் பார்த்துவிட்டு, வேறு சொட்டு மருந்துக்கு மாற்றிக் கொடுப்பார்.