இடுப்பெலும்பு முறிவு: கொரோனா இருந்தால் ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா?

கேள்வி: 2021 மே மாதம், இரண்டாம் அலையின்போது, 78 வயதான என் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. பரிசோதனையில் கொரோனா பாசிட்டிவ். மூச்சுத்திணறல் இல்லை. "14 நாள் கழித்து ஆபரேஷன்" என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். படுத்தே கிடந்து புண் வந்தது, பிறகு நிமோனியா. மூன்றாவது வாரம் இறந்துவிட்டார். உடனே செய்திருந்தால் பிழைத்திருப்பாரா? அம்மாவுக்கு இப்போது 74 வயது; தூக்க மாத்திரை போட்டால்தான் உறக்கம். இன்னொரு தொற்றுக் காலத்தில் அவரும் விழுந்தால் என்ன செய்வது?
- வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: அப்பாவின் மரணத்துக்கு நீங்கள் காரணம் இல்லை. டாக்டர் சொன்னதைக் கேட்டீர்கள், அவ்வளவுதான். உடனே ஆபரேஷன் செய்திருந்தாலும் ஆபத்து பெரிதாகவே இருந்திருக்கும். 2020-ல் ஸ்காட்லாந்து மருத்துவமனைகளின் கணக்கில், இடுப்பு முறிவோடு கொரோனாவும் இருந்தவர்களில் மூன்றில் ஒருவர் 30 நாளுக்குள் இறந்தார். தொற்று இல்லாதவர்களில் இது பத்தில் ஒருவருக்கும் குறைவு.

ஆனால் அந்த 14 நாள் காத்திருப்பு சரியல்ல. தொற்று வந்தால் தள்ளிப்போடுங்கள் என்ற அறிவுரை மூட்டு மாற்று, ஹெர்னியா போன்ற, நாள் குறித்துச் செய்யும் ஆபரேஷன்களுக்கானது. 2021-ல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு, அவற்றுக்குக் குறைந்தது ஏழு வாரம் பொறுப்பது நல்லது என்றது. இடுப்பெலும்பு முறிவு அந்தப் பட்டியலில் சேராது. முடிந்தவரை 48 மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும் என்பது தொற்றுக் காலத்திலும் மாறவில்லை.

காரணம் இதுதான். முறிந்த காலோடு படுத்திருக்கும் முதியவருக்கு வலியால் ஆழமாக மூச்செடுக்க முடியாது, சளி தேங்கும். காலின் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறையும். கொரோனா தன்பங்குக்கு ரத்தத்தை இன்னும் உறையவைக்கும், நுரையீரலையும் தாக்கும். ஆக, பாசிட்டிவ் ஆனவருக்குத்தான் எழுந்து உட்காருவது அதிகம் தேவை. வலி தணிந்து அவர் உட்கார வேண்டுமானால் எலும்பைப் பொருத்தியாக வேண்டும். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்கவைத்தே பெரும்பாலும் செய்துவிடலாம். தொண்டைக்குள் குழாய் விட வேண்டியதில்லை, தியேட்டரில் இருப்பவர்களுக்கும் கிருமி பரவும் வாய்ப்பு குறையும். ஆர்டி-பிசிஆர் முடிவுக்காகவும் காத்திருக்க வேண்டாம்: பாசிட்டிவ் என்றே கருதி, கவச உடையோடு செய்யலாம்.

காத்திருக்க நியாயமான காரணங்களும் உண்டு. ஆக்சிஜன் அளவு இறங்கிக்கொண்டே போவது, இதயம் திணறுவது, ரத்தத்தில் உப்புச்சத்து மிகவும் குறைந்திருப்பது போன்றவை. அப்போதும் அதைச் சரிசெய்யத் தேவையான நேரம்தான் காத்திருப்பு. அதுவரை வலிக்கு இடுப்பில் நரம்பு மரக்கும் ஊசியும், ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் வகை ஊசியும் கொடுக்க வேண்டும். எனவே எந்த டாக்டர் பொறுக்கச் சொன்னாலும் தயங்காமல் கேளுங்கள்: "எது சரியாவதற்காகக் காத்திருக்கிறோம்? அதற்கு என்ன சிகிச்சை நடக்கிறது?" பதில் "பாசிட்டிவ்" என்பது மட்டும்தான் என்றால், வேறு மருத்துவமனைக்கு எழுதித் தரச் சொல்லுங்கள்.

விழுந்தவரின் ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் முறிவு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நிற்கவைத்துப் பார்க்காதீர்கள். எண்ணெய் தேய்ப்பதும் கட்டுப் போடுவதும் வேண்டவே வேண்டாம். இந்த இடத்து எலும்பை வெளிக்கட்டு பிடித்து நிறுத்தாது. காலின் இருபுறமும் தலையணை வைத்து 108-ஐ அழையுங்கள். கடலூர் அரசு தலைமை மருத்துவமனையோ, முள்ளோடை தாண்டிப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையோ, எங்கே எலும்பு ஆபரேஷன் நடக்கிறது என்று போனில் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள். தொற்றுக் காலத்தில் எல்லா இடத்திலும் தியேட்டர் திறந்திருக்காது.

தனிமை வார்டில் துணைக்கு ஆள் விடமாட்டார்கள். முதியவர்கள் அங்கே இரவில் குழம்பிப்போய், ஆட்களை அடையாளம் தெரியாமல் கத்துவார்கள். நர்ஸுகளுக்கும் அது பெரும்பாடு. கண்ணாடி, காது மெஷின், பல்செட், சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல், வீட்டார் குரல் கேட்க ஒரு போன் - இவற்றைப் பையில் போட்டு அனுப்புங்கள். பலன் அதிகம்.

அம்மா விழுந்த பிறகு செய்வதைவிட இப்போது செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் எடுங்கள். எலும்பின் அடர்த்தி மிகவும் குறைந்திருந்தால், ஆண்டுக்கு ஒருமுறை போடும் ஊசி உட்பட நல்ல மருந்துகள் உண்டு. கண்புரை இருக்கிறதா பாருங்கள். கழிப்பறைச் சுவரில் கைப்பிடி பொருத்துங்கள். அந்தத் தூக்க மாத்திரை எனக்குக் கவலை தருகிறது: இரவில் எழும்போது தள்ளாடவைப்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. நீங்களாகத் திடீரென நிறுத்த வேண்டாம். எழுதித் தந்த டாக்டரிடம் இந்த வாரமே காட்டி, படிப்படியாகக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள்.