அதிபர், ஆலை அதிபராக முடியுமா?

கேள்வி: என் மகன் அமெரிக்காவில், பென்சில்வேனியாவில் ஓர் எஃகு ஆலையில் பொறியாளராக இருக்கிறான். சேமிப்பில் பாதியை அந்தக் கம்பெனியின் பங்குகளில்தான் போட்டிருக்கிறான். போர் மூண்டால் அந்நாட்டு அதிபர் ஒரே கையெழுத்தில் ஆலையை எடுத்துக்கொள்ளலாம் என்று நண்பர் ஒருவர் பயமுறுத்துகிறார். உண்மையா?

பதில்: முப்படைகளுக்குத்தான் அதிபர் தலைமைத் தளபதி, ஆலைகளுக்கு அல்ல. உங்கள் நண்பர் சொல்வதை ஓர் அதிபர் செய்தே பார்த்தார்.

1952. கொரியப் போர் நடந்துகொண்டிருந்தது. சம்பளத் தகராறில் எஃகுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள். எஃகு நின்றால் ஆயுத உற்பத்தி நின்றுவிடும் என்று அஞ்சிய அப்போதைய அதிபர் ட்ரூமன், ஏப்ரல் 8ஆம் தேதி ஆலைகளைக் கையகப்படுத்தும்படி வர்த்தகத் துறைச் செயலர் சார்லஸ் சாயருக்கு உத்தரவிட்டார். வேடிக்கை என்னவென்றால், அவற்றை அரசின் சார்பில் நடத்தச் சாயர் நியமித்தது அந்தந்தக் கம்பெனித் தலைவர்களையேதான். அதே ஆள், அதே நாற்காலி!

கம்பெனிகள் வழக்குப் போட்டன. ஜூன் 2ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் உத்தரவு செல்லாது என்றது. வேலைநிறுத்தத்தை 80 நாள் தள்ளிப்போட 1947ஆம் ஆண்டின் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டத்தில் வழி இருந்தது. ட்ரூமன் அதைத் தொடவில்லை. அந்தச் சட்டம் விவாதத்தில் இருந்தபோதே, கையகப்படுத்தும் அதிகாரத்தையும் சேர்க்கலாம் என்ற யோசனையைக் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) ஒதுக்கியிருந்தது. காங்கிரஸ் கொடுக்க மறுத்ததை அவர் தானாக எடுத்துக்கொண்டார். அரசு தோற்றது அங்கேதான்.

அந்த முடிவை ஏற்று, தன் காரணங்களை நீதிபதி ராபர்ட் ஜாக்சன் தனியாக எழுதிய இசைவுத் தீர்ப்பைத்தான் வழக்கறிஞர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். காங்கிரஸ் துணை நின்றால் அதிபரின் கை ஓங்கும். அது வாய் திறக்காதபோது நிலைமை மங்கல். அதன் விருப்பத்துக்கு மாறாகப் போனால் அவர் பலம் அடிமட்டம். இதே ஜாக்சன் 1941இல் தலைமைச் சட்ட அதிகாரியாக இருந்தபோது, அன்றைய அதிபர் ரூஸ்வெல்ட் ஒரு விமானத் தொழிற்சாலையைக் கையகப்படுத்தியதை நியாயப்படுத்தியவர். நாற்காலி மாறினால் பார்வையும் மாறும் போலும்.

ஆகவே காங்கிரஸின் அனுமதி இருக்கிறதா என்பதே கேள்வி. 1950ஆம் ஆண்டின் பாதுகாப்பு உற்பத்திச் சட்டப்படி, ராணுவத்துக்கான ஆர்டரை முதலில் முடித்துக் கொடு என்று கம்பெனிக்கு உத்தரவிடலாம். வாடிக்கையாளர் வரிசை மாறும், உடைமை மாறாது. காங்கிரஸே சட்டம் போட்டு ஆலையை எடுத்தாலும், அரசியல் சாசனத்தின் ஐந்தாவது திருத்தத்தின்படி நியாயமான இழப்பீடு தந்தாக வேண்டும்.

நீதிமன்றம் எப்போதும் இவ்வளவு துணிச்சலாக இருந்ததில்லை. 1942இல் ரூஸ்வெல்ட்டின் உத்தரவால் ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். அவர்களை வெளியேற்றியது செல்லும் என்று 1944இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆலைக்குக் கிடைத்த காவல் அந்த மனிதர்களுக்குக் கிடைக்கவில்லை.

பங்குச் சந்தை என் துறை அல்ல. ஆனாலும் சம்பளமும் பாதிச் சேமிப்பும் ஒரே கம்பெனியில் இருப்பதைப் பற்றி மகனிடம் பேசுங்கள். அதிபரைவிட எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.