கணினி கேள்வி – பதில்: ஏஜென்ட் ஏன் பதில் சொல்லவில்லை?

கேள்வி: ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு தோல் பொருள் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் பிரிவின் 5 கணினிகளிலும் பேக்கப் ஏஜென்ட் போடப்பட்டிருக்கிறது. தினமும் இரவு 11 மணிக்குத் தரவு முழுவதின் நகலும், அதைச் சேர்த்துவைக்கும் சர்வர் கணினிக்குப் போகும் என்பதால் கணினிகளை நாங்கள் அணைப்பதே இல்லை. சென்ற புதன்கிழமை பிற்பகல் மின்சாரம் நெடுநேரம் வரவில்லை, யூ.பி.எஸ். தாங்காமல் எல்லாம் அணைந்துவிட்டன. அன்றிரவு முதல் சர்வரின் திரையில் என் கணினிக்கு நேராக மட்டும் சிவப்புக் குறியோடு, ஏஜென்டைத் தொடர்புகொள்ள இயலவில்லை என்ற செய்தி வருகிறது. மூன்று வாரங்களுக்கு முன் என் கணினியின் கடவுச்சொல்லை மாற்றினேன். ஆனால் அதன் பிறகும் பேக்கப் ஒழுங்காகவே நடந்தது. மென்பொருளைப் போட்டுக் கொடுத்தவர், ஏஜென்டை நீக்கிவிட்டு மறுபடியும் போடச் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஏஜென்ட் என்பது உங்கள் கணினியில் திரைக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சிறிய நிரல். சர்வர் கூப்பிடும்போது எழுந்து, கோப்புகளைப் படித்து அனுப்புவதுதான் அதன் வேலை. நீங்கள் பார்க்கும் செய்தியை எழுதுவது ஏஜென்ட் அல்ல, சர்வர். கூப்பிட்டேன், பதில் வரவில்லை என்பதற்கு மேல் அதற்கு எதுவும் தெரியாது. ஆள் வீட்டில் இல்லையா, கதவு பூட்டியிருக்கிறதா என்பதை உங்கள் கணினிக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும்.

விண்டோஸ் தேடல் பெட்டியில் 'சர்வீசஸ்' என்று ஆங்கிலத்தில் அடித்தால், இப்படித் திரைக்குப் பின்னால் ஓடும் நிரல்களின் (இவைதான் சர்வீஸ்கள்) நீண்ட பட்டியல் ஒன்று திறக்கும். அதில் உங்கள் ஏஜென்டின் பெயருக்கு நேராக 'ரன்னிங்' என்று இருக்க வேண்டும். அந்த இடம் வெறுமையாக இருந்தால், பெயரின் மேல் மவுஸின் வலப்பக்க பொத்தானை அழுத்தி 'ஸ்டார்ட்' கொடுங்கள். 1069 என்ற எண்ணோடு பிழை வந்தால் விடை கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். ஏஜென்ட் எந்தப் பயனர் கணக்கின் பெயரில் ஓடுகிறதோ, அந்தக் கணக்கின் கடவுச்சொல் பொருந்தவில்லை என்பது அதன் பொருள்.

கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் நன்றாக ஓடியதே என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். ஒரு சர்வீஸ் தொடங்கும் நேரத்தில்தான் விண்டோஸ் அதன் கடவுச்சொல்லைச் சரிபார்க்கும். ஓடிக்கொண்டிருப்பதை இடையில் நிறுத்திக் கேட்பதில்லை. கணினியை அணைக்காமலே வைத்திருந்ததால், பழைய கடவுச்சொல்லோடு தொடங்கிய ஏஜென்ட் அப்படியே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. புதன்கிழமை மின்சாரம் திரும்பியபின் அது முதன்முறையாகப் புதிதாகத் தொடங்க முயன்று, வாசலிலேயே நின்றுவிட்டது. அதே ஏஜென்டின் 'ப்ராப்பர்ட்டீஸ்' பகுதியில் 'லாக் ஆன்' என்ற தாவலைத் திறந்து, புதிய கடவுச்சொல்லை இரண்டு இடங்களிலும் இட்டு, பிறகு தொடங்குங்கள். பேக்கப்புக்கென்றே தனிக் கணக்கு ஒன்றை உருவாக்கி, அதன் பெயரில் ஏஜென்டை ஓடவிடுவது இன்னும் நல்லது; ஆட்கள் மாறும்போதும் கடவுச்சொல் மாறும்போதும் அது தடுமாறாது.

ஏஜென்ட் 'ரன்னிங்' என்றே காட்டியும் சர்வர் அதே புகாரைச் சொன்னால், கதவு பூட்டியிருக்கிறது என்று பொருள். ரவுட்டரோ வைஃபையோ மாறியிருந்தால், விண்டோஸ் அந்த இணைப்பைப் 'பப்ளிக்' (பொது இடத்து இணைப்பு) என்று எடுத்துக்கொண்டு, வெளியிலிருந்து வரும் தொடர்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலை இறுக்கியிருக்கலாம். அலுவலக இணைப்பைப் 'ப்ரைவேட்' என்று மாற்றிப் பாருங்கள். மின்தடைக்குப் பின் ரவுட்டர் உங்கள் கணினிக்கு வேறு ஐ.பி. எண்ணை, அதாவது வலையமைப்பில் அதன் முகவரியை, கொடுத்திருக்கவும் கூடும். சர்வரில் எழுதிவைத்த எண்ணோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

நீக்கிவிட்டுப் போடுவதை நான் ஏன் தடுக்கிறேன் என்றால், ஒருமுறை நானே அவசரப்பட்டு அப்படிச் செய்திருக்கிறேன். சர்வர் அந்தக் கணினியைப் புதியதாகப் பதிவுசெய்துகொண்டு முழு பேக்கப்பையும் முதலிலிருந்து எடுக்கத் தொடங்கியது. விடிவதற்குள் வட்டு நிரம்பி, நன்றாக இருந்த கணினிகளின் பேக்கப்பும் நின்றுபோனது.

கேள்வி: குடியாத்தத்தில் கைலி மொத்த வியாபாரம் செய்கிறோம். பேக்கப் தொடங்கிச் சில நிமிடங்களில், 'வி.எஸ்.எஸ். ரைட்டர்' தோல்வி என்று சொல்லி ஏஜென்ட் நின்றுவிடுகிறது. வாரத்தில் இரண்டு, மூன்று நாள்கள் மட்டும்தான் இப்படி. ஏஜென்ட் பழுதா?

பதில்: ஏஜென்ட் இங்கே செய்தி கொண்டுவந்தவர் மட்டுமே. திறந்திருக்கும் கோப்புகளைப் படம் பிடிப்பதுபோல் ஒரே கணத்தில் நிறுத்திக் காட்டும் ஏற்பாடு விண்டோஸில் உண்டு, வி.எஸ்.எஸ். என்பது அதுதான். கல்யாண வீட்டில் குடும்பம் முழுவதையும் அசையாமல் நிற்கச் சொல்லும் புகைப்படக்காரரின் நிலைமை அதற்கு. தரவை எழுதிக்கொண்டிருக்கும் நிரல்கள் சற்று நேரம் கைகட்டி நிற்க வேண்டும்; அவற்றை அப்படி நிறுத்திவைக்கும் பகுதிதான் ரைட்டர். ஆனால் 60 விநாடிக்கு மேல் அவற்றை நிறுத்தி வைக்க முடியாது. அதே நேரத்தில் வைரஸ் ஸ்கேன் ஓடி வட்டைத் திணறடித்தால், அல்லது வேறொரு பேக்கப் மென்பொருளும் படம் எடுக்க வந்து நின்றால், நேரம் கடந்து வேலை முறியும்.

சில நாள்கள் மட்டும் வருகிறது என்பதால் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் மோதுகின்றன என்றுதான் நான் முதலில் சந்தேகிப்பேன். தோல்வியடைந்த நாள்களையும் உங்கள் வைரஸ் ஸ்கேன் ஓடும் நாள்களையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஸ்கேனை இரண்டு மணி நேரம் தள்ளி வைத்தால் போதும். இல்லையென்றால், நிர்வாகி உரிமையோடு கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து 'விஎஸ்எஸ்அட்மின் லிஸ்ட் ரைட்டர்ஸ்' என்பதை ஆங்கிலத்தில் அடியுங்கள். ஒவ்வொரு ரைட்டருக்கும் 'ஸ்டேபிள்', 'நோ எர்ரர்' என்று வர வேண்டும். ஏதாவது ஒன்று 'ஃபெயில்டு' என்று நின்றால், அதற்குரிய சர்வீஸை நிறுத்தித் தொடங்கலாம். எது என்று புரியாவிட்டால் கணினியையே ஒருமுறை மறுதொடக்கம் செய்யலாம். எந்த வட்டின் தரவுக்குப் பேக்கப் எடுக்கிறீர்களோ, அதில் காலியிடம் மிகக் குறைவாக இருந்தாலும் இதே பிழை வரலாம்.

கேள்வி: ஆரணியில் பட்டுச் சேலைக் கடை வைத்திருக்கிறோம். இரவில் மெயினை அணைத்துவிட்டுப் போவது வழக்கம். காலையில் திறந்தால் சில நாள்கள் ஏஜென்ட், சான்றிதழ் செல்லாது என்று சொல்லி ஆன்லைன் பேக்கப்பை மறுக்கிறது. பிற்பகலில் தானே சரியாகிவிடுகிறது.

பதில்: அடுத்த முறை அப்படி வரும்போது திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள், பல ஆண்டுகள் பின்னால் போயிருக்கும் என்றே நினைக்கிறேன். கணினியின் முதன்மைப் பலகையான மதர்போர்டில் உள்ள பட்டன் பேட்டரி தீர்ந்துபோனால், மின்சாரம் இல்லாத நேரத்தில் கணினி தேதியை மறந்துவிடும். சான்றிதழ் என்பது ஆன்லைன் சர்வர் காட்டும் அடையாள அட்டை போன்றது; அது இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும் என்று இருப்பதால், தவறான தேதியில் அது செல்லாததாகத் தெரிகிறது. பிறகு இணையத்திலிருந்து நேரம் திருத்தப்பட்டதும் எல்லாம் ஓடத் தொடங்குகிறது. பெரும்பாலான மேசைக் கணினிகளில் இருப்பது சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் பேட்டரி. கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவரிடமே கிடைக்கும். மாற்றும் முன் மின் இணைப்பைக் கழற்றிவிடுங்கள்.